“செரெங்கெட்டி” என்று மட்டும் எழுதிய பயணத் திட்டத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்: தான்சானியாவில் எங்களுக்கு நேர்ந்தது

தார் எஸ் சலாம் நகரில் நான் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடந்த ஆகஸ்ட் மாதம் என் பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தபோது, அவர்களையும் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு செரெங்கெட்டி சென்றேன். அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் கற்பித்தவர். லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் (மாடுபோல் தோற்றமளிக்கும் பெரிய மான் இன விலங்குகள்) மந்தை மந்தையாக, முதலைகள் நிறைந்த மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, எழுபத்தொரு வயதில், முழங்கால் வலியோடு அவர் இத்தனை தூரம் வந்தார். அந்தக் காட்சியைக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய பயண முகவர் எங்களை வேறோர் இடத்தில் இறக்கிவிட்டார். ஓடுதளங்களின் பெயர் தெரியாத எவரையும் இதே முறையில் ஏமாற்ற முடியும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 14,763 சதுர கிலோமீட்டர். அதற்குள் செல்லும் பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கைகள் கொண்ட செஸ்னா கேரவன் விமானங்கள் ஒரே இடத்தில் இறங்குவதில்லை. பூங்காவிலும் அதன் ஓரங்களிலும் செம்மண்ணும் சரளையும் போட்ட பல ஓடுதளங்கள் சிதறிக் கிடக்கின்றன. நடுவில் செரோனெரா, தெற்கே ந்டுட்டு, மேற்கே குருமெட்டி, வடக்கே மாரா ஆற்றையொட்டிக் கொகாடென்டே. விலங்குகளோ ஆண்டு முழுவதும் மழையையும் புல்லையும் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருப்பவை. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை அவை தெற்கே ந்டுட்டு சமவெளியில் குட்டி ஈனுகின்றன. மே, ஜூன் மாதங்களில் மேற்குப் பகுதி வழியாக நகர்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையில் இருக்கின்றன. ஆகவே, எந்த மாதத்தில் போகிறோம் என்பதும் எந்த ஓடுதளத்தில் இறங்குகிறோம் என்பதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால், செரெங்கெட்டிக்குப் போய்விட்டும் நாம் தேடிப்போனதைப் பார்க்காமல் திரும்ப நேரிடும். இது அந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த செய்தி. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முகவரின் அலுவலகம் நகரின் நடுவில் இருந்தது. சுவரில் ஆற்றைக் கடக்கும் மந்தையின் பெரிய படம் மாட்டப்பட்டிருந்தது. அப்பாவின் ஆசையை விளக்கமாகச் சொன்னேன். “ஆகஸ்ட் மாதம்தானே, நிச்சயமாகப் பார்க்கலாம், நான் உத்தரவாதம் தருகிறேன்” என்றார். விலங்குகள் எப்போது ஆற்றில் இறங்கும் என்பதை எந்த மனிதராலும் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது, கரையில் நாள் முழுவதும் நின்றுவிட்டு மந்தை திரும்பிப் போவதும் உண்டு என்பதைப் பின்னால் அறிந்தபோது, அந்த ஒரு சொல்லிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. நான்கு பேருக்கு, மூன்று இரவுகளுக்கு, விமானக் கட்டணம், தங்குமிடம், வாகனம், பூங்காக் கட்டணம் எல்லாம் சேர்த்து 7,200 டாலர் பேசினோம். முன்பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்த விடாமல், கணக்கில் ஏதோ சிக்கல் என்று கூறி, ஒரு தனிநபரின் எம்பெசா (கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவை) எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். கிடைத்த ரசீதில் “செரெங்கெட்டி, மூன்று இரவுகள், நான்கு பேர்” என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. விடுதியின் பெயரைக் கேட்டபோது “ஆற்றுக்குப் பக்கம்” என்றார். பயணச்சீட்டைக் கேட்டபோது, சிறிய விமானங்களுக்கு முந்தைய நாள்தான் சீட்டு வரும் என்றார். இது உண்மையன்று, புறப்படும் நேரம் கடைசி நாளில் சற்று மாறலாமே தவிர, எந்த ஓடுதளத்திலிருந்து எந்த ஓடுதளத்துக்கு என்பது முன்பதிவின்போதே பதிவாகிவிடும்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு பத்து மணிக்குச் சீட்டுகள் கைபேசிக்கு வந்தன. அவற்றில் செரோனெரா என்று இருந்ததைப் பார்த்தேன். ஆனால் அது பூங்காவின் பெயருக்கு இன்னொரு வழக்கு போலும் என்று நினைத்துவிட்டேன். இந்த விமானங்களில் கைப்பையும் சேர்த்து ஒருவருக்கு 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லியிருக்கவில்லை. அம்மாவின் கெட்டியான பெட்டியை, சிறிய விமானத்தில் ஏறும் இடமான வடக்குத் தான்சானிய நகரம் அருஷாவின் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு, மருந்துகளையும் கம்பளியையும் ஒரு துணிப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினோம்.

அருஷாவிலிருந்து பறந்த அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. விமானம் தாழ்வாகப் பறக்கிறது; ங்கொரொங்கொரோவின் எரிமலைப் பள்ளம், ஏறக்குறைய 600 மீட்டர் ஆழத்தில், மேகத்துக்குக் கீழே ஒரு தாம்பாளம்போல் விரிந்து கிடந்ததை அப்பா சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார். விமானியும் பணியாளர்களும் பண்போடு நடந்துகொண்டார்கள். செரோனெராவில் இறங்கியதும் எங்கள் நால்வரின் பெயரைப் படித்தார்கள். மற்றவர்கள் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார்கள். இன்னும் அரை மணி நேரத்தில் கொகாடென்டே போய்விடுவோம், அங்கேதான் ஆறு என்று பின்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி சொன்னபோதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. விமானத்தில் நான்கு இருக்கைகள் காலியாக இருந்தன. எங்களையும் அழைத்துச் செல்ல முடியுமா, கூடுதல் கட்டணத்தை இப்போதே தருகிறேன் என்று விமானியிடம் கேட்டேன். பயணிகள் பட்டியலில் இல்லாதவரை ஏற்ற முடியாது என்றும், ஏற்றினாலும் அங்கே உங்களுக்காக ஒரு வாகனம் நிற்காது, காட்டு நடுவில் இறக்கிவிட்டுப் போக முடியாது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது முழுக்க நியாயம். எங்களை இறக்கிய அதே விமானம் எங்கள் கண் முன்னாலேயே புழுதி கிளப்பிக்கொண்டு வடக்கே பறந்து போயிற்று. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். செரோனெராவிலிருந்து ஆற்றுக்கு ஜீப்பில் ஒரு மணி நேரம்தான் என்றார். எங்கள் ஓட்டுநர் நேர்மையான மனிதர். மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, நடுவில் விலங்குகளுக்காக நின்றால் நான்கரை ஆகும் என்றார். பூங்காவுக்குள் இருட்டிய பின் வாகனம் ஓட்ட அனுமதி இல்லை என்பதால் போன அன்றே வெளிச்சத்தில் திரும்பியும் ஆக வேண்டும். அந்தத் தூரம் எங்கள் திட்டத்தில் சேராது என்று சொல்லி எரிபொருளுக்குத் தனியாக 300 டாலர் கேட்டார்கள். கொடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, குலுங்கிக் குலுங்கிப் பத்தரை மணிக்கு மாரா ஆற்றங்கரையை அடைந்தோம். எதிர்க்கரையில் மந்தை திரண்டு நின்றது. முன்னே வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. ஒன்றேகால் மணி வரை காத்திருந்தோம். அதற்குமேல் நின்றால் இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்ப முடியாது என்று ஓட்டுநர் கூறியதும், ஒரு விலங்குகூட நீரில் கால் வைக்காத நிலையில் கிளம்பிவிட்டோம். கொகாடென்டேயில் தங்கியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு அன்று மாலையும் இருந்தது, மறுநாள் காலையும் இருந்தது. அன்றிரவு அப்பாவால் முழங்காலை மடக்க முடியவில்லை.

செரோனெராவைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. ஆற்றோர மரங்களில் சிறுத்தை, பாறைக் குன்றுகளின் மேல் சிங்கம் என்று ஆண்டு முழுவதும் விலங்குகளைப் பார்க்கக்கூடிய அருமையான பகுதி அது. அம்மா ஒரு சிறுத்தையை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துச் சென்றிருந்தால் நிறைவோடு திரும்பியிருப்போம். ஆகஸ்ட் மாதத்தில் ஆற்றங்கரைக் கூடார விடுதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. கட்டணமும் மிக அதிகம். முகவரிடம் அங்கே அறை இல்லை. இல்லை என்று சொல்லாமல், மலிவான இடத்தை ஆற்றங்கரையின் விலைக்கு விற்றார். விடுதியில் விசாரித்தபோது, எங்களுக்கான அறைகள் நாங்கள் கிளம்புவதற்கு ஆறு நாட்கள் முன்னால்தான் பதிவு செய்யப்பட்டன என்று தெரிந்தது.

திரும்பும் வழியில் இரண்டாவது அடி விழுந்தது. செரெங்கெட்டியிலிருந்து நேராக சான்சிபார் தீவுக்குப் போவதாக ஏற்பாடு. பூங்காவிலிருந்து வரும் சிறிய விமானம் அருஷா விமான நிலையத்தில் இறங்குகிறது. அது அருஷா நகருக்கு மேற்கே, கிசொங்கோ பக்கத்தில் இருக்கிறது. முகவரோ சான்சிபாருக்கான சீட்டைக் கிளிமஞ்சாரோ பன்னாட்டு விமான நிலையத்திலிருந்து எடுத்திருந்தார். அது நகருக்குக் கிழக்கே, மோஷி போகும் வழியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கு மேல் தூரம். எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த இடைவெளி ஒரு மணி இருபது நிமிடம். அம்மாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் விரைந்தும், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பயணிகளை ஏற்றி முடித்துவிட்டார்கள். மலிவுக் கட்டணச் சீட்டு என்பதால் ஒரு பைசாவும் திரும்பவில்லை. அருஷா விமான நிலையத்திலிருந்தே சான்சிபாருக்கு நாள்தோறும் விமானங்கள் இருக்கின்றன என்பதை அங்கிருந்த பணியாளர் சொல்லித்தான் அறிந்தோம். அன்றிரவு மோஷியில் தங்கி, மறுநாள் புதுச் சீட்டு வாங்கிச் சென்றோம்.

தார் எஸ் சலாமிலிருந்து இந்தச் சிறு விமானங்களில் வேறு இடங்களுக்குப் போக நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நியெரெரே தேசியப் பூங்காவிலும் ருவாஹாவிலும்கூட ஒன்றுக்கு மேற்பட்ட ஓடுதளங்கள் உண்டு. விடுதி எந்த ஓடுதளத்துக்கு அருகில் இருக்கிறது என்று விடுதியிடமே கேளுங்கள், முகவரிடம் கேட்காதீர்கள். மாஃபியா தீவுக்குத் திமிங்கலச் சுறாவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஏறத்தாழ அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான் அதற்குரிய காலம்; ஜூலையில் அதைக் காட்டுவதாகச் சொல்பவர் உங்களிடம் பொய் சொல்கிறார். பெம்பா என்ற பெயரில் சான்சிபாருக்கு வடக்கே ஒரு தீவும், மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் ஒரு நகரமும் இருக்கின்றன என்பதையும் சீட்டு எடுக்கும்போது மறக்க வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன் அந்த நிறுவனத்தின் டாலா உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தான்சானியாவின் இயற்கை வளங்கள் மற்றும் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் சுற்றுலாத் தொழில் நடத்துவோருக்கு வழங்கப்படும் உரிமம் அது. நான் கேட்டபோது எனக்குக் காட்டப்பட்டது வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. “எங்கள் பங்குதாரர்” என்று சொன்னதை நம்பினேன். ஓடுதளத்தின் பெயர், விடுதியின் பெயர், விடுதி அனுப்பிய பதிவு உறுதி, விமானச் சீட்டின் எண் ஆகிய நான்கும் எழுத்தில் வரும் வரை மீதித் தொகையைக் கொடுக்க வேண்டாம். சீட்டின் எண் கிடைத்ததும் விமான நிறுவனத்தை நேரடியாக அழைத்து, அது பணம் செலுத்தப்பட்ட சீட்டா, வெறுமனே பிடித்து வைக்கப்பட்ட இடமா என்று கேட்டுவிடுங்கள்.

முகவருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதத்துக்கு, விலங்குகளின் போக்குக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. நான் விலங்குகளைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஓடுதளத்தைப் பற்றித்தான் கேட்டேன். இரண்டாவது கடிதத்துக்குப் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்துடன் விடுதி தந்த பதிவுத் தேதியின் நகலையும் இணைத்து, உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்பியிருப்பதாகத் தெரிவித்த பிறகு, தவறிப்போன சான்சிபார் சீட்டுகளுக்கான 380 டாலரை மட்டும் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏழு வாரங்கள் ஆகின்றன, இன்னும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் செப்டம்பரில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பணம் வந்தால் அதையும் இதே பதிவில் சேர்த்து எழுதுகிறேன்.