டெம்பிள் ஆஃப் டூமா, லாஸ்ட் குருசேடா?

தொல்லியல் பேராசிரியர் ஒருவர் சாகசம் செய்யும் ஹாலிவுட் படங்களான இந்தியானா ஜோன்ஸ் வரிசையில் 1981-ல் வந்த முதல் படத்தைப் பற்றி யாருக்கும் தகராறு இல்லை. அதற்கு அப்புறம் வந்ததில் எது உசத்தி என்று கேட்டால்தான் கடலூரில் எங்கள் செட்டு இரண்டாக உடையும். 1984-ல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' ஒரு கட்சி, 1989-ல் வந்த 'லாஸ்ட் குருசேட்' இன்னொரு கட்சி. 2008, 2023 படங்களை யாரும் பேச்சிலேயே எடுப்பதில்லை. நானும் எடுக்கப்போவதில்லை.

டூம் மேல் நம்மவர்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானதுதான். கதை நடப்பது இந்தியாவில். ஆனால் திரைக்கதையில் அரசு திருத்தம் கேட்டதால் இலங்கைக்குப் போய்க் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். அதனால் இந்தியக் கிராமத்து ஜனங்கள் சிங்களம் பேசுகிறார்கள். அரண்மனை விருந்தில் பாம்பின் வயிற்றைக் கிழித்தால் குட்டிகள் நெளிகின்றன, சூப்பில் கண் மிதக்கிறது, கடைசியில் குரங்கு மூளை. இங்கே கொஞ்ச காலம் படத்துக்குத் தடையும் இருந்தது.

காளி விஷயம் இன்னும் உறுத்தும். எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் தில்லைக் காளி இருக்கிறாள். சிவனோடு ஆடித் தோற்று ஊர் எல்லைக்கு வந்தவள் என்பது கதை. மேனி முழுக்கக் குங்குமக் காப்பு, மேலே வெள்ளைப் புடவை. உக்கிர தெய்வம்தான், ஆனாலும் ஜனங்களுக்கு அம்மா. இயக்குநர் ஸ்பீல்பெர்க் காட்டும் காளிக்கோ உயிரோடு பிடுங்கிய இதயம் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் படமும் சிவனா காளியா என்ற இடத்தில்தான் முடிகிறது. 'சிவனுக்குத் துரோகம் செய்துவிட்டாய்' என்று தொங்கு பாலத்தில் தொங்கியபடி வில்லன் பூசாரியிடம் ஜோன்ஸ் சொல்லச் சொல்ல, ஜோன்ஸின் பையில் இருக்கும் சங்கரா கற்கள் தீயாய்ச் சுடுகின்றன. விபூதிப் பட்டை போல மூன்று கோடு போட்ட லிங்கக் கற்கள் அவை. அதுவரை கடுப்போடு பார்த்துக்கொண்டிருந்த நம்ம ஊர்க்காரன்கூட அந்த இடத்தில் ஜோன்ஸ் பக்கம் சாய்ந்துவிடுவான்.

அந்தப் பாலத்தை நிஜமாகவே கட்டினார்கள். இலங்கையில் அணை வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் கட்டி, வெடிவைத்து அறுத்தார்கள். விழுகிற ஆட்கள் மட்டும் பொம்மைகள். அதற்கு முன்னால் வரும் சுரங்க வண்டித் துரத்தலில் பாதி, குட்டி செட்டில் சின்ன வண்டிகளை ஓட்டி எடுத்தது. தெரிந்த பிறகும் நாற்காலி நுனிக்கு இழுக்கிறது. விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கரும் கிடைத்தது. அப்புறம் அந்தப் பூசாரியாக வரும் அம்ரீஷ் புரி. 'தளபதி' கலிவர்தனை நாம் பார்ப்பதற்கு ஏழு வருஷம் முன்பே மண்டையோடு மாட்டிய கிரீடத்தோடு ஹாலிவுட்டை மிரட்டியிருக்கிறார். குருசேடின் வில்லன் டோனோவன் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. ஆக, கடைசி முக்கால் மணி நேரத்தை மட்டும் போட்டிக்கு வைத்தால் டூம்தான் ஜெயிக்கும்.

குருசேடின் பலம் அப்பா. அப்பாவாக வரும் ஷான் கானரிக்கும் ஜோன்ஸாக வரும் ஹாரிசன் ஃபோர்டுக்கும் 12 வயதுதான் வித்தியாசம், ஆனால் படத்தில் அது தோன்றவே தோன்றாது. மகன் உயிரைக் கொடுத்து விமானத்திலிருந்து தப்பிக்க வைத்தால், அப்பா குறை சொல்லிக்கொண்டே வருவார். கடற்கரையில் ஜெர்மன் விமானம் சுட வருகிறது. துப்பாக்கியில் குண்டு இல்லை. அப்பா சாவகாசமாகக் குடையை விரித்து, கோழி மாதிரி கத்திக்கொண்டே பறவைக் கூட்டத்துக்குள் ஓடுகிறார். பறவைகள் எழும்பி விமானத்தில் மோத, விமானம் காலி. குடையைத் தோளில் சாய்த்து அவர் திரும்பி வரும்போது ஃபோர்டின் முகத்தைப் பாருங்கள். வாயே திறக்காமல், 'இவர் இவ்வளவு பெரிய ஆளா' என்று கேட்கும் முகம். டூமின் மொத்த ஓட்டத்திலும் இப்படி ஒரு இடம் இல்லை.

இன்னொரு இடமும் எனக்குப் பிடித்தது. தொல்லியல் வேலையில் 70 சதவீதம் நூலகத்தில்தான் என்று ஜோன்ஸ் வகுப்பில் சொல்வார். அடுத்து வெனிஸ் நூலகத்துத் தரையையே அவர் உடைக்க, பாவம் நூலகர், தன் முத்திரைக் கட்டைதான் இவ்வளவு சத்தம் போடுகிறது என்று அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வகுப்பில் சொன்னது ஒன்றும் கதை இல்லை. சென்னை மியூசியத்து அலமாரியில் ஒரு ரோமானிய ஜாடித் துண்டைப் பார்த்துத்தான் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் புதுச்சேரிக்கே வந்தார். அந்த ஊர் நூலகத்தில் வைத்திருந்த பானை ஓடுகளைப் பார்த்த பிறகுதான் பக்கத்திலிருக்கும் பழைய துறைமுகமான அரிக்கமேட்டை 1945-ல் தோண்டினார்.

குருசேடில் குறை இல்லாமல் இல்லை. முதல் படத்தில் மதிப்பாக வந்த ஜோன்ஸின் நண்பர் மார்கஸ் பிராடியைக் கோமாளி ஆக்கிவிட்டார்கள்.

மியூசியம் விஷயத்தில் இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு மாறுகிறது. குருசேடில் சிறுவன் ஜோன்ஸ் ஒரு பழைய சிலுவைக்காகச் சண்டை போட்டு, 'இது மியூசியத்தில் இருக்க வேண்டியது' என்பான். டூமில் வளர்ந்த ஜோன்ஸ் கல்லைக் கிராமத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மியூசியத்தில் வைத்தால் தூசிதான் படியும் என்பார். இந்தியாவை இவ்வளவு மட்டமாகக் காட்டிய படம்தான் சாமியை ஊருக்கே திருப்பித் தருகிறது. விருத்தாசலம் கோயிலிலிருந்து திருடுபோன அர்த்தநாரீசுவரர் சிட்னி மியூசியத்தில் நின்றுவிட்டு 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார். அதைப் படித்தவர்களுக்கு அந்தக் கடைசிக் காட்சி சும்மா கடந்து போகாது.

இருந்தாலும் என் ஓட்டு குருசேடுக்குத்தான். முழுப் படமாக அதைத்தான் திரும்பத் திரும்பப் போட முடிகிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதை முதலில் காட்டுங்கள். டூமில் வந்த இதயம் பிடுங்கும் காட்சி மாதிரி சமாச்சாரங்கள் கிளப்பிய புகாரில்தான் அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்காகப் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 சான்றிதழே வந்தது. சின்னதுகளுக்கு டூம் காட்டக் கொஞ்ச வருஷம் போகட்டும். பெரியவர்கள் டூம் போடுவதானால், சாப்பிட்டு முடித்துவிட்டுப் போடுங்கள்.