ஹம்பிக்கு எந்த கேமரா: பென்டாக்ஸ் கே1000-ஆ, மிரர்லெஸ்ஸா?

ஹம்பிக்கு முதல் முறை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா), அடுத்த முறை பென்டாக்ஸ் கே1000 கொண்டுபோனேன். 1976-ல் வந்த ஃபிலிம் கேமரா அது. பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான்; தீர்ந்தாலும் ஷட்டர் வேலை செய்யும். மிரர்லெஸ்ஸுக்கோ தினமும் ராத்திரி சார்ஜ் போட வேண்டும்.

விரூபாட்சர் கோயிலில் ஒரு இருட்டறை உண்டு. சின்னத் துவாரம் வழியே வரும் வெளிச்சத்தில் ராஜகோபுரம் சுவரில் தலைகீழாக விழும். அறையே ஒரு கேமரா! மிரர்லெஸ்ஸில் ஐஎஸ்ஓ-வை, அதாவது ஒளி உணர்திறனை, 6400-க்கு ஏற்றி, கையில் பிடித்தே எடுத்துவிட்டேன். கே1000-ல் இருந்தது ஐஎஸ்ஓ 400 ஃபிலிம். சுவரில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து, ஒரு செகண்ட் ஷட்டரைத் திறந்து வைத்தேன். படம் ஆடித்தான் வந்தது. இருட்டில் டிஜிட்டலுக்குத்தான் என் ஓட்டு.

வெளியே வந்தால் கதை வேறு. ஒரு ரோலில் 36 படம்தானே? மாதங்க மலை விடியலுக்கு மூன்றே ஃப்ரேம் ஒதுக்கினேன். மீதி நேரமெல்லாம் பாறைகளில் வெயில் மெல்ல இறங்குவதைக் கண்ணாரப் பார்த்தேன். மிரர்லெஸ்ஸோடு போனபோது அதே இடத்தில் நூற்றுக்கணக்கில் எடுத்தேன். அந்த வெயில் மனதில் நிற்கவே இல்லை.

அப்புறம், விமானத்தில் போகிறவர்கள் ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். அங்கே எக்ஸ்ரே வலுவானது. கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.