ஏழு வருஷமாக ஒரே பைனாகுலர்: பருந்துகளைப் பிரித்துப் பார்க்கப் பழகிய அனுபவம்

2018 டிசம்பரில் 11,500 ரூபாய் கொடுத்து ஒரு 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர்) வாங்கினேன். பருந்துகளை அடையாளம் காணவேண்டும் என்பதற்காகவே வாங்கியது. வீடு கடலூர் முதுநகரில். மொட்டை மாடியில் நின்றால் உப்பனாற்றுப் பக்கமிருந்து கிளம்புகிற பருந்துகள் தலைக்கு மேலேயே வட்டமடிக்கும். ஊரில் எல்லோரும் பருந்து, கருடன் என்ற இரண்டு பெயர்களிலேயே அத்தனையையும் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை.

ஏன் 10 மடங்கு வாங்கவில்லை என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நண்பருடைய 10×42 பைனாகுலரை நான்கு மாதம் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: பறக்கிற பருந்துக்கு 8 மடங்கே மேல். 10 மடங்கில் பறவை பெரிதாகத் தெரியும், கூடவே கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பார்வைப் பரப்பும் குறுகும். பறவை சட்டென்று திரும்பினால் வானத்தில் அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இன்னொன்று வெளிச்சம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர் அகலம். 10×42-இல் அது 4.2 மட்டுமே. மார்கழிக் காலையில் மூட்டம் கலையாத நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

கருவி நல்லதாக இருந்தும் முதல் இரண்டு வருஷம் தப்புத் தப்பாகத்தான் குறித்துவைத்தேன். நிறத்தைத் தேடியதுதான் காரணம். பத்து மணி வெயிலில் தலைக்கு மேலே பறக்கும் எந்தப் பருந்தும் கீழிருந்து பார்த்தால் கருப்புதான். வால் எப்படி முடிகிறது, இறக்கையை எப்படிப் பிடித்திருக்கிறது, எத்தனை தடவை அடித்துவிட்டு மிதக்கிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் கொடுத்த காசு பலித்தது.

துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்ததும் செம்பருந்தும் (ஊரார் கருடன் என்பது இதைத்தான்) கரும்பருந்தும் ஒன்றாகவே இறங்கும். வளர்ந்த செம்பருந்தில் குழப்பமே இல்லை: உடம்பு செங்கல் நிறம், தலையும் நெஞ்சும் வெள்ளை. ஆனால் அதன் இளம்பறவை முழுக்கத் தவிட்டு நிறத்தில் இருக்கும். கரும்பருந்து என்றே தோன்றும். அங்கே வால்தான் துணை. கரும்பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும். முழுதாக விரித்தால் அந்தப் பிளவு மறைந்து நேராகிவிடும், ஆனாலும் இரண்டு மூலைகளும் கூராகவே நிற்கும். பறக்கும்போது அந்த வாலைப் படகின் சுக்கான் மாதிரி இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டே இருக்கும். செம்பருந்தின் வால் எப்படி விரித்தாலும் வட்டம்தான்.

ஒரு நாள் அங்கே கருவாடு காயவைக்கிற அம்மா ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். “அது கருடன் இல்ல தம்பி, கழுத்து வெள்ளையா இல்லியே” என்றார். பைனாகுலரை அவரிடம் கொடுத்து, “வாலைப் பாருங்கம்மா, எப்படி இருக்கு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தேடிப் பிடித்தார். “மொறம் மாதிரி வளைஞ்சு இருக்குப்பா.” “அப்ப அது கருடன் குஞ்சுதாம்மா.” ஒரு கையில் பைனாகுலரைப் பிடித்தபடியே மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என் நோட்டிலும் அது முறவால்தான். அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

குளிர்காலத்தில் முடிந்த ஞாயிறெல்லாம் புதுச்சேரி ஊசுட்டேரிக்குப் போய்விடுவேன். அங்கே கோரைப் புல்லுக்கு மேலே தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்தை ஆரம்பத்தில் செம்பருந்து என்று எழுதியிருக்கிறேன். பெண் பறவையின் தலை வெளிறிய மஞ்சளாக இருப்பதுதான் ஏமாற்றியது. இப்போது தலையைப் பார்ப்பதே இல்லை. நாலைந்து தடவை இறக்கையடித்துவிட்டு, இரண்டு இறக்கையையும் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி மிதந்தால் அது பூனைப்பருந்து. விராலடிப்பானும் தூரத்தில் குழப்பும். வயிறு வெள்ளை, கண் வழியாக ஒரு கருங்கோடு, நீண்ட இறக்கை நடுவில் மடங்கியது போல இருக்கும். செம்பருந்து நீர்ப்பரப்பிலிருந்து இரையை மேலாக அள்ளிக்கொண்டு போகும். விராலடிப்பான் கால்களை நீட்டித் தண்ணீருக்குள்ளேயே பாயும்.

அதிகம் தடுமாறியது பருந்தே அல்லாத ஒரு பறவையிடம். வீட்டுப் பின்புற வேம்பில் ஒன்று வந்து உட்கார்ந்ததும் தவிட்டுக்குருவிகள் கத்தி ஊரைக் கூட்டின. சாம்பல் முதுகு, வாலில் பட்டை, நெஞ்சில் செம்மை. வைரி என்கிற சிறிய வேட்டைப் பறவை என்று குறித்துக்கொண்டேன். அது அக்காக்குயில். தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடுகிற பறவை. இரண்டு மூன்று இறக்கையடி, ஒரு மிதப்பு என்று பறப்பதுகூட வைரி மாதிரியேதான். அலகைப் பார்த்தால் தீர்ந்தது: வைரிக்குக் கொக்கிபோல் வளைந்த குட்டை அலகு, குயிலுக்கு மெலிந்த அலகு. குயிலின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருக்கும். இலை மறைவில் அலகின் வளைவு வரை தெளிவாகக் காட்டியது இந்த பைனாகுலரின் பெரிய பலம்.

இனி குறைகள். மூன்றாவது மழைக்காலத்தில் வலது குழலுக்குள் பூஞ்சை பிடித்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது கண்ணாடி சுத்தம், ஆனால் இரண்டு குழலும் ஒன்று சேரவில்லை. எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது, பத்து நிமிஷத்தில் தலைவலி. மறுபடி அனுப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வாங்கினால் வீட்டுக்கு வந்ததுமே தூரத்து மின்கம்பம் ஒன்றைப் பார்த்துச் சோதித்துவிடுங்கள். இப்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன்; அதன்பிறகு பூஞ்சை வரவில்லை. கடற்கரையிலிருந்து வந்ததும் மணலை ஊதித் தள்ளிய பிறகுதான் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஊதாமல் துடைத்தால் கீறல் விழும், எனக்கு ஒன்று விழுந்தது. இடது கண் ரப்பர் தளர்ந்து கழன்றுகொண்டே இருந்தது. சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டினேன், நன்றாகவே நிற்கிறது.

தேன் பருந்தில் மட்டும் இன்னும் தடுமாற்றம் உண்டு. ஒரே இனத்தில் கருப்பு முதல் வெளிர் நிறம் வரை இருக்கிறது. நீண்ட கழுத்தும் புறா மாதிரிச் சிறிய தலையும் தெரிந்தால்தான் பெயர் எழுதுகிறேன், இல்லையென்றால் ‘பருந்து’ என்று மட்டும் எழுதிவிடுகிறேன்.

மறுபடி வாங்குவதானாலும் 8×42தான். ஆனால் இரண்டு மூன்றாயிரம் கூடப் போனாலும் நீர் புகாத, உள்ளே நைட்ரஜன் நிரப்பிய வகையாகப் பார்த்து எடுப்பேன். கடலோரத்தில் இருப்பவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.