கினபாத்தாங்கான் ஆத்துப் படகு பேக்கேஜ்: காசு கட்டறதுக்கு முன்னாடி படிங்க

போர்னியோ தீவுல இருக்கற மலேசிய மாநிலம் சபாவுல, சுக்காவ் கிராமத்துல கினபாத்தாங்கான் ஆத்தோரமா இருக்கற ஒரு சின்ன லாட்ஜ்ல குடும்பத்தோட தங்கிட்டு வந்தோம். கேஎல் (கோலாலம்பூர்) திரும்புனதுலேர்ந்து எப்படி இருந்துச்சு, என்னென்ன எடுத்துட்டு போவணும்னு சொந்தக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். கண்டிப்பா போங்க. ஆனா ரூம் படத்தையும் ஏர்கோனையும் பாத்து புக் பண்ணாதீங்க. இந்த ட்ரிப் நல்லா அமையறதும் வீணா போறதும் படகுக்காரர் கையிலயும், ஒரு படகுல எத்தன பேர ஏத்தறாங்கங்கறதுலயும்தான் இருக்கு, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

கினபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் ஓடி சூலு கடல்ல கலக்குது, மலேசியாவுல ராஜாங் ஆத்துக்கு அடுத்த நீளமான ஆறு இதான். சவாரி நடக்கறது கடைசிப் பகுதில, பத்து புத்தே, பிலிட், சுக்காவ், அபாய் பக்கம். சண்டாக்கான் ஏர்போர்ட்ல எறங்குனா சுக்காவுக்கு வேன்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆவும். போற வழிலயே செப்பிலோக் இருக்கு, 1964லேர்ந்து நடக்கற ஒராங் ஊத்தான் மறுவாழ்வு மையம், காலைல 10 மணிக்கு சாப்பாடு வைக்கறத பாத்துட்டு அங்கேயே லாட்ஜ் வேன்ல ஏறிக்கலாம். சண்டாக்கானுக்கு திரும்பி வந்து ஏற வேண்டியதில்ல, புக் பண்ணும்போதே ‘செப்பிலோக்ல ஏத்திக்குவீங்களா’ன்னு கேட்டுருங்க.

இப்ப பேக்கேஜ். 2 நாள் 1 இரவு எடுத்தா பெரும்பாலும் சாயங்காலம் ஒண்ணு, காலைல ஒண்ணுன்னு ரெண்டு சவாரிதான். அதுல ஒண்ணு மழைல போயிருச்சுன்னா அவ்ளோ தூரம் போனதுக்கு பாதிதான் மிச்சம். 3 நாள் 2 இரவு எடுங்க, காசு கூடதான், ஆனா இந்த ஆறு ஒரே பார்வைல எல்லாத்தையும் காட்டாது, மொத நாள் வெறும் குரங்கா பாத்த அதே வளைவுல மறுநாள் காலைல பனிக்குள்ள இருவாச்சி ஜோடியா தாண்டிப் போச்சு. நாங்க விசாரிச்ச ஒரு ஏஜென்ட் ‘ரிவர் க்ரூஸ் இன்க்லூடட்’னு மட்டும் போட்டிருந்தாரு, எத்தன தடவ, எவ்ளோ நேரம், படகுல எத்தன பேருன்னு கேட்டா பதிலே வரல. அந்த மாதிரி எடத்துல காசு கட்டாதீங்க. இன்னும் ரெண்டு கேள்வி கேக்கணும், மிருகத்துக்கு கிட்ட போவும்போது எலெக்ட்ரிக் மோட்டார் போடுவீங்களா, வெள்ளம் வந்து ரத்தானா காசு திரும்பக் கெடைக்குமா. ஆறு பொங்கறது நவம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ளதான் அதிகம், ஸ்கூல் லீவுன்னு டிசம்பர்ல கெளம்பறவங்க இத நல்லா யோசிச்சுக்குங்க.

எங்க படகுக்காரர் ஓராங் சுங்கை, அதாவது ஆத்தோரத்து பூர்வீக சனம், அந்த ஆத்தோரத்துலயே பொறந்து வளந்தவரு. எங்க படகுல எட்டு பேருக்கு மேல ஏத்தல. அவரு வேகமா எங்கயும் போவல, மேல்பக்கம் போயி பெரிய மோட்டார நிறுத்திட்டு தண்ணி இழுக்கற போக்குலயே படக விட்டாரு, கண்ணு மட்டும் மரத்து உச்சிலயே இருக்கும். காத்தே இல்லாதப்ப ஒரே ஒரு கிளை ஆடுச்சு, நாங்க யாருமே கவனிக்கல, அவரு கைய மட்டும் தூக்குனாரு. பாத்தா மூக்கு நீண்ட ஆண் குரங்கு, போர்னியோ தீவுல மட்டுமே உள்ள இனம், மூக்கு வாய்க்கு மேல தொங்குது, எல கொழுந்த சாப்புடும்போது ஒரு கையால மூக்க ஒதுக்கிவிட்டுக்கிட்டே சாப்புடுது. அதச் சுத்தி பொட்டைங்க, குட்டிங்க. ராத்திரி தூங்கறதுக்கு ஆத்தோர மரத்துக்குத்தான் இதுங்க வரும், அதனால சாயங்கால சவாரில பாக்காம திரும்பறது ரொம்ப அபூர்வம். என் பையன் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல, அவன அப்படி நான் பாத்ததே இல்ல.

யானை விஷயம் வேற. போர்னியோ யானைய 2024ல ஐயுசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தனியா மதிப்பிட்டு அழியற ஆபத்துல இருக்கற இனம்னு பட்டியல்ல சேத்தாங்க. கூட்டம் எந்தக் கரைல நிக்குதோ அன்னைக்கு அங்கதான், யாரும் கேரண்டி குடுக்க முடியாது, குடுத்தா நம்பாதீங்க. எங்களுக்கு கெடச்சுது, கரைல உசந்த புல்லுக்குள்ள தாயும் குட்டியும், புல்ல வேரோட புடுங்கி முன்னங்கால்ல தட்டி மண்ண உதறிட்டு வாய்ல வைக்குது, அந்த தட்டற சத்தம் படகு வரைக்கும் கேக்குது. கொஞ்ச நேரத்துல வேற படகுங்க வந்து குமிஞ்சிருச்சு, ஒரு படகு கரைய முட்டற அளவுக்கு போயி ஆளுங்க எந்திரிச்சு நின்னு கத்துனாங்க. எங்க ஆளு ஒண்ணும் பேசாம படக பின்னால எடுத்துட்டாரு. நல்ல போட்டோ போச்சுன்னு கூட வந்தவங்க ரெண்டு பேருக்கு வருத்தம், எனக்கு அவரு மேல மரியாதை கூடுனது அங்கதான். இந்த ரிவியூல நான் குடுக்கற அஞ்சு ஸ்டாரும் அவருக்குத்தான்.

இவ்ளோ மிருகத்த இவ்ளோ சுலபமா ஏன் பாக்க முடியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. வேன்ல வரும்போது ரெண்டு பக்கமும் பாமாயில் எடுக்கற செம்பனைத் தோட்டம்தான், முடிவே இல்லாம போயிக்கிட்டே இருக்கும். என் பாட்டி பேராக்ல பால்மரம் (ரப்பர்) சீவுனவங்க, நானே எஸ்டேட் வீட்ல வளந்தவ, செம்பனை மரம் எனக்கு புதுசில்ல. ஆனா இங்க காடு ஆத்தோரமா ஒரு பட்டை மாதிரிதான் மிஞ்சியிருக்கு, 2005ல சரணாலயமா அறிவிச்சது சுமார் 26,000 ஹெக்டேர், அதுவும் துண்டு துண்டா, நடுவுல தோட்டம். போறதுக்கு வேற எடம் இல்லாம எல்லாம் கரைக்கு வந்து நிக்குதுங்க. இத நெனச்சா மனசு கனக்குது, அதனாலதான் கிராமத்து ஆளுங்களுக்கு காசு போய்ச் சேர்ற எடமா பாத்து தங்குங்கன்னு சொல்றேன். பத்து புத்தேல கோப்பெல்னு கிராமத்து கூட்டுறவே மிசோ வாலாய் ஹோம்ஸ்டே நடத்தறாங்க, காட்டுல மரம் நடற வேலையும் பண்றாங்க, அடுத்த தடவ நாங்க அங்கதான்.

எடுத்துட்டு போற சாமான் பத்தி. சபாவுலயும் நம்ம கேஎல் நேரம்தான், ஆனா ரொம்ப கெழக்க இருக்கறதால சாயங்காலம் ஆறே காலுக்கெல்லாம் இருட்டிரும், காலைல ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துரும். 4 மணி சவாரி சீக்கிரம்னு நெனைக்காதீங்க, நல்ல வெளிச்சமே அப்பதான். காலை சவாரில காத்து ஜில்லுன்னு அடிக்கும், மெல்லிசா ஒரு ஜாக்கெட் வேணும். குடை வேணாம், பொன்ச்சோ போதும், குடைய விரிச்சா பின்னாடி உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கேமரா, போனுக்கு ட்ரை பேக். கேமராவ விட பைனாகுலர் முக்கியம், 8x42 (எட்டு மடங்கு பெருசா காட்டறது) இருந்தா நல்லது, வீட்டுக்கு ஒண்ணுன்னா சண்ட வரும், முடிஞ்சா ரெண்டு எடுத்துட்டு போங்க. காட்டுக்குள்ள நடக்கறதுக்கு அட்டை ஏறாத நீள சாக்ஸ், ரப்பர் பூட்ஸ் லாட்ஜ்லயே வாடகைக்கு இருந்துச்சு. முழுக்கை சட்டை மங்குன கலர்ல. கொசு மருந்த மறக்கவே கூடாது, சபாவுல குரங்குலேர்ந்து மனுஷனுக்கு பரவற மலேரியா இருக்கு, சின்னப் புள்ளைங்களோட போறவங்க கெளம்பறதுக்கு முன்னாடி டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு போங்க. ராத்திரி சவாரில தூங்கற மீன்கொத்தி ரொம்ப கிட்ட தெரியும், ஃப்ளாஷ் போடாதீங்க. மலேசியாக்காரங்க மைகார்டு (அடையாள அட்டை) எடுத்துக்கணும், புள்ளைங்களுக்கு அதே மாதிரி மைகிட், கூடவே பொறப்பு பத்திரம், சபாவுல எறங்குனா இமிக்ரேஷன் உண்டு. இந்தியாலேர்ந்து வரவங்க கேஎல்ல முத்திரை வாங்கியாச்சேன்னு பாஸ்போர்ட்ட பெரிய பெட்டில போட்டுறாதீங்க, அங்க மறுபடி கேப்பாங்க.

சாப்பாடு பரவால்ல. சோறு, மீன், கோழி, கீரை, ஒரு நாள் ஆத்து பெரிய எறா போட்டாங்க, அது பிரமாதம். சைவம்னு முன்னாடியே வாட்ஸ்அப்ல சொல்லி வச்சதால அம்மாவுக்கு தனியா தவ்வு (டோஃபு), காய்கறி செஞ்சு குடுத்தாங்க, ஊறுகா மட்டும் நம்ம கைல இருக்கட்டும். ரூம் சுத்தம், ஃபேன் மட்டும்தான், ராத்திரி அதுவே போதுமா இருந்துச்சு. போன் லைன் வரும் போவும்.

கொறைன்னா ஒண்ணுதான், ஆனா சின்னது இல்ல. புள்ளைங்க சைஸ் லைஃப் ஜாக்கெட் ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருந்தாங்க, என் பொண்ணுக்கு பெரியவங்களோடத போட்டா தோள்லேர்ந்து காதுக்கு ஏறுது. முதலை இருக்கற ஆறு அது. படகுக்காரர் பக்கத்து லாட்ஜுக்கு போயி சரியான சைஸ் வாங்கிட்டு வந்தப்புறம்தான் படக எடுத்தாரு. மேனேஜர்கிட்ட சொன்னேன், வாங்கி வைக்கறோம்னு சொன்னாரு. எந்த லாட்ஜா இருந்தாலும் புள்ளைங்க வயசையும் எடையையும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்க, சைஸ் இருக்குன்னு பதில் வந்தப்புறம் டெபாசிட் கட்டுங்க.