முகத்துவாரப் படகுக்கு எந்தப் பற்றரி? தண்ணீர் பற்றரி, ஏஜிஎம், லித்தியம்: ஓர் ஒப்பீடு

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பற்றரி வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது "என்ன சைஸ்?" என்றுதான். அதற்கு முன் படகுக்காரர் தன்னையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பற்றரி கடலில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வோல்ற்றில் சார்ஜ் ஆகப்போகிறது? நல்ல பற்றரியே சீக்கிரம் படுத்துவிட்டதென்றால், பெரும்பாலும் அது ஒருநாள்கூட முழுதாக நிரம்பவில்லை என்றுதான் அர்த்தம்.

முதலில் வேலையைப் பிரிக்க வேண்டும். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் பற்றரி சில செக்கன்களுக்கு சில நூறு அம்பியர் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். அதனால் அதன் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் கூடியவை. லொறிக்கு விற்கிற என்-100, என்-120 எல்லாம் இந்த வகை. இரவு முழுக்க விளக்கு, ஜிபிஎஸ், ஃபிஷ் ஃபைண்டர், ரேடியோ என்று மெதுவாகக் கொடுக்கும் பற்றரிக்குத் தகடு தடிப்பாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் பற்றரியை தினமும் பாதிவரை இறக்கினால் தகட்டிலுள்ள பசை உதிர்ந்து அடியில் வண்டலாகச் சேரும், சில மாதங்களில் கதை முடியும். கையால் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் சின்ன வள்ளத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் 40 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று போதும், கரைக்கு வந்ததும் வீட்டில் சார்ஜ் பண்ணிக்கொள்ளலாம்.

பலநாள் படகின் கணக்கு வேறு. 12 வோல்ற்றில் ஒரு இரவை எடுத்துக்கொள்வோம்: எல்ஈடி வழிகாட்டி விளக்குகள் 1 அம்பியர், தளத்து விளக்குகள் 3, ஜிபிஎஸ்ஸும் ஃபிஷ் ஃபைண்டரும் 1.5, ரேடியோக்கள் கேட்கும் நிலையில் 1.5. மொத்தம் 7 அம்பியர், 12 மணி நேரத்துக்கு 84 அம்பியர் மணி. படகின் அடியில் (பில்ஜில்) சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பையும், ரேடியோவில் பேசும்போது இழுப்பதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 95. இதோடு படகு எங்கே நிற்கிறது என்று கரைக்கு அறிவிக்கும் வீஎம்எஸ் கருவியும் உண்டு. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்ட காலத்தில் ஆழ்கடல் படகுகளில் பரவலாகப் பொருத்தப்பட்டது அது. தடை 2016இல் நீங்கியும் கருவி நீங்கவில்லை. அது குடிப்பது கொஞ்சம்தான், ஆனால் இரவு பகலாகக் குடிக்கும்.

95 அம்பியர் மணி வேண்டுமென்றால், பாதிக்கு மேல் இறக்கக்கூடாத தண்ணீர் பற்றரியில் 200 அம்பியர் மணி வாங்க வேண்டும். 80 சதவீதம்வரை இறக்கலாம் என்ற லித்தியத்தில் 120 போதும். விலையை ஒப்பிடும்போது இந்த இரண்டையும் வைத்து ஒப்பிடுங்கள். 100க்கு 100 என்று வைத்தால் கணக்கு பிழைக்கும்.

தண்ணீர் பற்றரி

மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், சற்றே கூடுதலாகச் சார்ஜ் ஆனாலும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம். இவற்றைவிட எங்களுக்குப் பெரிதாகப் படுவது, மூடியைத் திறந்து ஒவ்வொரு செல்லாக நோய் பார்க்க முடிவதுதான். அசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரில் முழுச் சார்ஜில் 1.265 காட்ட வேண்டும். வெப்ப நாடுகளுக்கென்று நிரப்பிய அசிட் என்றால் 1.240 அளவில் நிற்கும், அது பழுது இல்லை. ஐந்து செல் ஒன்றுபோல் இருக்க ஒன்று மட்டும் 0.050 இறங்கி நின்றால் அந்தப் பற்றரியில் மேற்கொண்டு காசு போட வேண்டாம்.

தண்ணீர் ஊற்றுவது சார்ஜ் முடிந்த பிறகு. முன்னரே நிரம்ப ஊற்றினால் சார்ஜில் அசிட் பொங்கி மேலே வழியும், முனைகளை அரிக்கும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். காய்ச்சி வடித்த தண்ணீர்தான், குழாய்த் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ கூடாது. கடல் தண்ணீர் செல்லுக்குள் போனால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய இஞ்சின் அறையில் அது உயிருக்கே ஆபத்து. பற்றரிப் பெட்டியை பில்ஜ் மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுவது இதற்காகத்தான். சார்ஜில் ஹைட்ரஜனும் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஹைட்ரஜன் மேலே போகிற வாயு என்பதால் காற்றுத் துவாரம் பெட்டியின் உச்சியில் இருக்க வேண்டும்.

ஓய்வில் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.7 வோல்ற் முழுசு, 12.2 பாதி. 12.0க்குக் கீழே ஒரு வாரம் கிடந்தால் தகட்டில் ஈய சல்பேற்று கெட்டியாகும், பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

ஏஜிஎம், ஜெல், "மெயின்டனன்ஸ் ஃப்ரீ"

ஏஜிஎம்மில் அசிட் கண்ணாடி நார்ப் பாயில் ஊறிக்கிடக்கும். படகு எவ்வளவு ஆடினாலும் சிந்தாது, சும்மா கிடக்கும்போது சார்ஜ் மெதுவாகத்தான் குறையும், கூடுதல் அம்பியரில் சார்ஜ் வாங்கும். ஒரு குறை போதும் இதைக் கொல்ல: சார்ஜ் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுதாகி 15 வோல்ற்றுக்கு மேல் ஓடினால் உள்ளே இருக்கிற ஈரம் போய்விடும், திரும்ப ஊற்ற வழியில்லை. அசிட் கூழாக இருக்கும் ஜெல் இன்னும் நொய்மையானது, 14.4ஐத் தாண்டவே கூடாது. மீன்பிடிப் படகுக்கு வேண்டாம்.

"மெயின்டனன்ஸ் ஃப்ரீ" ஸ்டிக்கரைப் பார்த்து ஏஜிஎம் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் மூடி ஒட்டிய தண்ணீர் பற்றரி. ஸ்டார்ட்டுக்கு நல்லது, இரவு வேலைக்கு அல்ல.

லித்தியம்

படகுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பொஸ்பேற்று ஒன்றுதான். நான்கு செல், 12.8 வோல்ற். 100 அம்பியர் மணிப் பற்றரி 12 கிலோ அளவில் இருக்கும். அதே அளவு ஈயப் பற்றரி (மேலே சொன்ன தண்ணீர் பற்றரி, ஏஜிஎம், ஜெல் எல்லாம் ஈயம்தான்) அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். பாதியில் விட்டாலும் இதற்குக் கேடில்லை. ஈயப் பற்றரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இதுதான், பலநாள் படகுக்கு இது சரியாகப் பொருந்தும். மின்சாரக் கார்களிலிருந்து கழற்றிய பழைய செல்களில் கட்டிய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அவற்றில் பல வேறு இரசாயனம், சூடு மீறினால் நடுக்கடலில் அணைக்க முடியாத நெருப்பு.

வோல்ற்றை வைத்து இதன் நிலையை அறிய முடியாது. 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் கிட்டத்தட்ட 13.2தான் காட்டும். அதனால் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மீற்றர் அவசியம். இஞ்சின் ஸ்டார்ட்டுக்கும் இதைக் கொடுக்காதீர்கள்: உள்ளிருக்கும் பாதுகாப்புப் பலகை 100 அம்பியருக்கு என்றால், 300 இழுக்கும் ஸ்டார்ட்டரைக் கண்டதும் துண்டித்துவிடும்.

சார்ஜ்: பணம் வீணாகும் இடம்

இஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஓல்ற்றனேற்றர் ஈயப் பற்றரியை 80 சதவீதம்வரை வேகமாக ஏற்றும். மிச்ச 20க்குப் பற்றரி தானே அம்பியரைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு நாலைந்து மணி நேரம் வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் மட்டும் இஞ்சின் ஓட்டினால் அந்த 20 ஒருநாளும் நிரம்பாது.

அடுத்த எதிரி வயர். 5 மீற்றர் தூரத்தில் உள்ள பற்றரிக்குப் போக வர 10 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 30 அம்பியர் ஓடினால் 2.1 வோல்ற் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.33 மட்டும். வெள்ளீயம் பூசிய செப்பு வயர் வாங்குங்கள், வெறும் செம்பு உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே களிம்பேறும். பற்றரியை ஒட்டியே ஃபியூஸ் போட வேண்டும்.

இரண்டு பற்றரிகளைப் பிரிக்க, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் பெட்டி பூட்டினால் இன்னும் 0.6 வோல்ற் போகும். ஈயத்துக்கு ஈயம் என்றால் வோல்ற் பார்த்து இணையும் ரிலே நல்லது. 13.3 தாண்டியதும் இணைக்கும், 12.8க்கு இறங்கினால் பிரிக்கும். லித்தியத்தோடு இதே ரிலேயைப் போட்டால் பிழைக்கும், ஏனெனில் அது ஓய்விலேயே 13.3ல் நிற்கும், ரிலே பிரியவே பிரியாது. லித்தியத்துக்கு, ஓல்ற்றனேற்றருக்கும் பற்றரிக்கும் நடுவே நின்று அம்பியரைக் கட்டுப்படுத்தும் 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். நேரடியாகக் கொடுத்தால் ஓல்ற்றனேற்றர் ஓய்வில்லாமல் முழு அம்பியரும் ஓடிக் கருகும்; பாதுகாப்புப் பலகை திடீரெனத் துண்டித்தால் எழும் வோல்ற் ஓல்ற்றனேற்றரின் டயோட்களை எரிக்கும். 30 அம்பியரில் மேலே சொன்ன 95ஐ மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாக நிரப்பலாம்.

கரைச் சார்ஜரில் தண்ணீர் பற்றரிக்கு 14.4 முதல் 14.8, ஏஜிஎம்முக்கு 14.4 முதல் 14.7, லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வையுங்கள். சார்ஜரில் எழுதியிருக்கும் வோல்ற் 25 பாகைக்குரியது. 40 பாகை இஞ்சின் அறையில் ஈயப் பற்றரிக்கு 0.3 அளவு குறைக்க வேண்டும். ஒவ்வொரு 10 பாகையும் ஈயப் பற்றரியின் ஆயுளைப் பாதியாக்கும் என்பதால், இரவுப் பற்றரியை அந்த அறையிலிருந்து எடுத்து ஓட்டி அறை இருக்கைக்கு அடியில் வைப்பது நல்லது. கடையில் சார்ஜுக்குக் கொடுக்கும்போது 100 அம்பியர் மணிக்கு 10 அம்பியர், 12 மணி நேரம் என்று சொல்லிக் கொடுங்கள். 30 அம்பியரில் அவசரமாக ஏற்றினால் தகடு நெளியும்.

எங்கள் தேர்வு: ஸ்டார்ட்டுக்கு எப்போதும் லொறித் தண்ணீர் பற்றரி. தினமும் கரைக்கு வரும் படகில் இரவு வேலைக்கு 6 வோல்ற் 225 அம்பியர் மணி கோல்ஃப் வண்டிப் பற்றரி இரண்டைத் தொடராக இணைப்பதே மிகச் சிக்கனம். மூன்று வாரம் கடலில் நிற்கும் படகுக்கு லித்தியம், ஆனால் டிசி-டிசி சார்ஜரும் ஷன்ட் மீற்றரும் வாங்கக் காசு இருந்தால் மட்டும். இல்லையேல் அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு ஈயப் பற்றரியும் தடித்த வயரும் வாங்குங்கள்.

சோழகம் வீசும் மே முதல் செப்டெம்பர்வரை கட்டிக்கிடக்கும் வள்ளங்களில், ஈயப் பற்றரியை நிரப்பி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, மாதம் ஒருமுறை மறுபடி சார்ஜ் போட வேண்டும். லித்தியத்தைப் பாதிச் சார்ஜில் வைத்துக் கழற்றிவிடலாம். பில்ஜ் பம்புக்கு மட்டும் தனி ஃபியூஸோடு நேரடி இணைப்பு இருக்கட்டும், மழைத் தண்ணீர் படகுக்குள் ஏறுவது ஆளில்லாத இரவில்தான்.