நிலத்தடித் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, எதை முதலில் இறக்குவது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். கரியமில வாயுவை நிலத்துக்கடியில் சேமிப்பது பற்றிப் படிக்கிறவர், பாடம் நடத்துகிறவர், இந்தத் துறையில் வேலை தேடுகிறவர் என்று யாராக இருந்தாலும் சேமிப்பு இடங்களின் தரவைப் பகிரும் ‘சிஓ2 டேட்டாஷேர்’ தளத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது. கூடவே நார்வேயின் எக்வினோர் எண்ணெய் நிறுவனம் 2018இல் திறந்துவிட்ட, வோல்வே எண்ணெய் வயலின் தரவுத் தொகுப்பையும் எட்டிப் பாருங்கள். இரண்டையும் கொஞ்ச காலமாகத் திறந்து நோண்டிக்கொண்டிருக்கிறேன். எது உபயோகம், எது தலைவலி என்று எழுதி வைத்தால் அடுத்து வருபவர்களுக்கு ஆகும் என்றுதான் இது.

எண்ணெய் நிறுவனமும் பல்கலைக்கழகமும் ‘எரிசக்தி மாற்றத்துக்கான கூட்டு ஆய்வு’ என்று ஒப்பந்தம் போட்டுச் சால்வை மாற்றிக்கொள்ளும் செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: எல்லாம் முடிந்த பிறகு, எந்தப் பக்கமும் சேராத ஒரு மாணவர் திறந்து பார்க்கிற மாதிரி வெளியே என்ன வைத்துவிட்டுப் போனார்கள்? கட்டுரைகள் வரும், சரி. அவற்றில் உள்ள படங்களை நாமே திரும்பப் போட்டுப் பார்க்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. இந்தத் தொகுப்புகளில் முடிகிறது.

முதலில் ஸ்லைப்னர், டேட்டாஷேரில் இருப்பதிலேயே முக்கியமான சரக்கு. வட கடலில் நார்வேப் பகுதியில் ஸ்லைப்னர் வெஸ்ட் என்றொரு எரிவாயு வயல். அங்கிருந்து வரும் வாயுவில் சுமார் 9 சதவீதம் வரை கரியமில வாயு கலந்திருக்கும், விற்க வேண்டுமென்றால் 2.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டுவிடலாம்தான், ஆனால் 1991இல் நார்வே கடல் மேடைகளுக்கும் கார்பன் வரி போட்டுவிட்டது. அதனால் 1996இலிருந்து, பல வருஷங்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவாக, கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஆழத்தில் ‘உட்சிரா’ என்ற மணற்பாறைக்குள் செலுத்திவருகிறார்கள். பூமியைக் காப்பாற்றும் ஆசைதான் முதல் காரணம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம், வரிக் கணக்குதான் பெரிய காரணம். எனக்கு அதில் குறையும் இல்லை. வரி இருந்ததால்தான் வேலை நடந்தது.

ஆனால் உள்ளே செலுத்தியதோடு விட்டிருந்தால் இன்று நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. 1998இல் ‘சாக்ஸ்’ என்ற கூட்டுத் திட்டம் ஐரோப்பிய ஒன்றியப் பணத்தோடு தொடங்கியது. அன்றைக்கு ஸ்டாட்டோயில் என்று இருந்த இதே எக்வினோரும், பிபி, எக்ஸான்மொபில் போன்ற நிறுவனங்களும் ஒரு பக்கம். நார்வேயின் சின்டெஃப் ஆய்வு நிறுவனம், பிரிட்டன், பிரான்ஸ், டென்மார்க், நெதர்லாந்து நாடுகளின் புவியியல் ஆய்வு அமைப்புகள் மறுபக்கம். செலுத்துவதற்கு முந்தைய 1994ஆம் வருஷத்து சைஸ்மிக் (ஒலி அலையை அனுப்பி, எதிரொலியை வைத்து எடுக்கும் நிலத்தடிப் படம்) அடித்தளமாக இருந்தது. அப்புறம் 1999, 2001, 2002, 2004, 2006, 2008, 2010 என்று அதே இடத்தில் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இந்தத் தொடரைத்தான் நம்மால் இப்போது இறக்க முடிகிறது.

‘ஓபன்டெக்ட்’ என்ற இலவச மென்பொருளில் 1994ஐயும் 2010ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1994இல் உட்சிரா இருக்கும் இடம் சப்பென்று, பெரிதாகக் கண்ணில் படாத ஒரு பட்டை. 2010இல் அதே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குகள் பளீரென்று அடிக்கும். மணலுக்கு நடுவே ஒரு மீட்டர் அளவே தடிமனுள்ள களிப்பாறைத் தகடுகள் உண்டு, கிணற்று லாக்கில் (கிணற்றுக்குள் கருவியை இறக்கி எடுக்கும் பாறை அளவீடு) தெரியும், 1994 சைஸ்மிக்கில் தெரியாது. ஒவ்வொரு தகட்டுக்கும் கீழே வாயு போய்த் தங்கிய பிறகுதான் அவை எங்கெங்கே பரவியிருக்கின்றன என்று படம் காட்டுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், வாயு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே உள்ள அடுக்குகள் கீழ்நோக்கித் தொங்குவதுபோல் தெரியும். பாறை எங்கும் தொங்கவில்லை. வாயு நிறைந்த மணலில் ஒலி மெதுவாகப் போகிறது, எதிரொலி தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் ஏறாது, கோப்பைத் திறந்து காட்டினால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வருஷத்துப் படங்களைக் கழித்து வித்தியாசம் பார்க்கும்போது இரண்டும் ஒரே முறையில் பிராசஸ் செய்யப்பட்டவையா என்று பாருங்கள். ஒரே சர்வேயைப் பின்னால் மறுபடி பிராசஸ் செய்தவையும் உள்ளே கிடக்கின்றன. மாற்றிப் போட்டுக் கழித்தால் வாயு இல்லாத இடத்திலும் ‘மாற்றம்’ தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்லைப்னரில் கண்காணிப்புக்கென்று தனிக் கிணறு கிடையாது, செலுத்தும் கிணற்றின் அடியில் அழுத்தமானியும் கிடையாது. எல்லாமே மேலிருந்து பார்த்ததுதான். அங்குள்ள ஆழத்தில் கரியமில வாயு 31 டிகிரி, 74 பார் அழுத்தம் என்ற மாறுநிலைக்கு (அதைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடு இருக்காது) அருகிலேயே இருப்பதால், வெப்பநிலையில் இரண்டு மூன்று டிகிரி பிசகினாலும் அடர்த்திக் கணக்கு நன்றாகவே மாறிவிடும். இருபது வருஷம் ஆராய்ச்சி செய்தவர்களும் இதில் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘2019 பெஞ்ச்மார்க் மாடல்’ என்ற தனித் தொகுப்பு இந்த விவாதத்துக்காகவே செய்தது மாதிரி இருக்கிறது: அடுக்குகளின் எல்லை, வாயு மேலேறிய புகைபோக்கி போன்ற பாதைகள், வருடாவருடம் எவ்வளவு செலுத்தினார்கள் என்ற கணக்கு, எல்லாம் ஒரே இடத்தில். நீங்கள் உங்கள் விடையைப் போட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். என் மார்க் ஐந்துக்கு ஐந்து.

ஸ்லைப்னரில் இல்லாததெல்லாம் டிகேட்டரில் இருக்கிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், ஏடிஎம் நிறுவனத்தின் எத்தனால் ஆலையில் நொதிக்கும்போது வரும் சுத்தமான கரியமில வாயுவை 2011 முதல் 2014 வரை மூன்று வருஷத்தில் சுமார் பத்து லட்சம் டன், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே மவுண்ட் சைமன் மணற்பாறையில் செலுத்தினார்கள். முன்னின்று நடத்தியது இல்லினாய் மாநிலப் புவியியல் ஆய்வு நிறுவனம். ஆலை இடம் கொடுத்தது, வாயு கொடுத்தது. இங்கே கண்காணிப்புக் கிணற்றில் பல ஆழங்களில் அழுத்தம் எடுத்திருக்கிறார்கள், நுண்ணதிர்வுகளும் பதிவாகியிருக்கின்றன. மனிதருக்குத் தெரியாத அளவு சின்னச் சின்ன அதிர்வுகள், ஆனால் அவற்றில் பல, வாயு போன மணற்பாறைக்கும் கீழே பழைய அடித்தளப் பாறையில் இருப்பதுதான் சுவாரசியம். அழுத்தம் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று யோசிக்க வைக்கும். ஆனால் ஸ்லைப்னர் மாதிரி பளீர் படம் எதிர்பார்க்காதீர்கள். பாறை கெட்டி, வாயு வந்தாலும் சைஸ்மிக்கில் பெரிய வித்தியாசம் காட்டாது. மென்மையான மணல் ஒன்று, கெட்டியான பாறை ஒன்று, இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ‘சைஸ்மிக் எடுத்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்’ என்ற தைரியம் கொஞ்சம் அடங்கும்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று ஸ்மேயஹேயா. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நார்வேயின் ட்ரோல் எரிவாயு வயலுக்குக் கிழக்கே உள்ள இடம். நார்வே அரசின் முழு அளவுக் கரியமில வாயு சேமிப்புத் திட்டத்துக்கு முதலில் இதைத்தான் பார்த்தார்கள், அப்புறம் விட்டுவிட்டு ட்ரோலுக்குத் தெற்கே வேறு இடத்துக்குப் போனார்கள். அதுதான் 2025இல் வாயு செலுத்தத் தொடங்கிய நார்தர்ன் லைட்ஸ். பக்கத்தில் ட்ரோலிலிருந்து வருடக்கணக்கில் எரிவாயு எடுப்பதால் ஸ்மேயஹேயா பக்கமும் அழுத்தம் இறங்கும், இறங்கினால் செலுத்தும் கரியமில வாயு அடர்த்தியாக இருக்குமா, எவ்வளவு கொள்ளும் என்பதெல்லாம் சிக்கலாகிவிடுகிறது. கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய பிளவு வேறு. ஜெயித்த இடத்தின் தரவை வெளியிடுவது நிறுவனத்துக்கு விளம்பரம். தள்ளிவைத்த இடத்தின் தரவை, அதுவும் தள்ளிவைத்த காரணத்தை நாமே கண்டுபிடிக்கிற அளவுக்கு வெளியிடுவது அரிது. பின்னால் எக்வினோர் 2022இல் இதே இடத்துக்கு மறுபடி வந்து உரிமம் வாங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், ‘இந்த இடம் தேறுமா’ என்ற கேள்வியை மாணவர்களுக்குக் கொடுக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, வோல்வே. ஸ்லைப்னருக்கு வடக்கே பக்கத்து வயல்தான். 1993இல் கண்டுபிடித்தார்கள், 2008 முதல் 2016 வரை எண்ணெய் எடுத்தார்கள், மொத்தம் சுமார் 6.3 கோடி பீப்பாய், மூடிவிட்டார்கள். அப்புறம் 2018இல், கிட்டத்தட்ட 40,000 கோப்புகளை அப்படியே வெளியே வைத்துவிட்டார்கள். வீடு காலி செய்யும்போது பரணில் இருந்ததைப் பிரிக்காமல் லாரியில் ஏற்றியது போல. சைஸ்மிக், லாக், ரிசர்வாயர் மாடல் (எண்ணெய் தங்கிய பாறையின் கணினி மாதிரி), தினசரி டிரில்லிங் அறிக்கை, கிணறு வாரியாக உற்பத்தி எக்ஸெல், நிகழ்நேர டிரில்லிங் பதிவுகள் என்று எல்லாம். ஐந்து டெராபைட் பக்கம். முழுவதையும் இறக்க வேண்டும் என்று கிளம்பினால் உங்கள் பிராட்பேண்ட் ஆள் உங்களைத் தேடி வருவார், என் வீட்டு இணைப்பு பாதி ஜிப்பில் நின்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. தேவையான ஃபோல்டரை மட்டும் எடுங்கள்.

எண்ணெய் வயல் தரவு எரிசக்தி மாற்றத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். வோல்வே கிணறுகள் கீழே ஜுராசிக் மணற்பாறைக்கு இறங்கும் வழியில் அதே உட்சிராவைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. லாக் படிப்பது, மேலடுக்கு மூடி நல்லதா என்று பார்ப்பது, மாடலை உற்பத்தி வரலாற்றோடு பொருத்துவது, எல்லாமே சேமிப்புக்கும் அதே வேலை. எண்ணெய்ப் பக்கமிருந்து இந்தப் பக்கம் தாவ நினைப்பவர்களுக்கு இது பழகிய மண்.

உற்பத்தி எக்ஸெல்லைத் திறந்தவுடன் கோடு வரைந்துவிடாதீர்கள். சில கிணறுகளில் அடிமட்ட அழுத்தம் சில நாட்களுக்குப் பூஜ்யம் என்று இருக்கும். கிணற்றில் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அளவுகோல் பேசவில்லை என்று அர்த்தம். சுத்தம் செய்த பாடப்புத்தகத் தரவில் இந்த வகைப் பூஜ்யங்கள் வராது, வேலைக்குப் போன பிறகு தினமும் வரும். தொகுப்பின் குப்பைதான் அதன் மதிப்பு என்பது என் கட்சி, இதை ஒத்துக்கொள்ளாத நண்பர்களும் இருக்கிறார்கள்.

எரிச்சல்கள் என்று பார்த்தால் பெரியது கோப்பு வடிவம்தான். மாடல்களில் பாதி, விலை கேட்டால் மயக்கம் வரும் வணிக மென்பொருளுக்கானவை. அவற்றில் ‘எக்ளிப்ஸ்’ என்ற மென்பொருளின் வடிவில் உள்ள மாடல்களை ‘ஓபிஎம் ஃப்ளோ’ என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் படித்துக்கொள்கிறது. அதையும் சின்டெஃப், எக்வினோர் ஆட்கள்தான் சேர்ந்து எழுதுகிறார்கள் என்பதால் நன்றி சொல்லலாம். மற்றவற்றுக்கு வழியில்லை, ஃபோல்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. விளக்கக் குறிப்புகள் ஸ்லைப்னருக்குப் பிரமாதம், வோல்வேக்கு ஏனோதானோ, எந்த ஃபோல்டர் கடைசிப் பதிப்பு என்று நீங்களே துப்பறிய வேண்டும். செலவு, ஒப்பந்தம், கசிந்தால் யார் பொறுப்பு என்ற பேச்செல்லாம் எந்தத் தொகுப்பிலும் இல்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லைதான், ஆனால் ‘திறந்த தரவு’ என்று மார்தட்டும்போது பாறை மட்டும்தான் திறந்திருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

உரிமத்தையும் படியுங்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்தனி. படிக்க, ஆராய, வெளியிட விடுகிறார்கள், மூலத்தைச் சொல்ல வேண்டும். தரவை அப்படியே விற்கக் கிளம்பாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் இடம் கம்மி, நேரமும் கம்மி என்றால் ஸ்லைப்னர் 2019 பெஞ்ச்மார்க் மாடலை மட்டும் முதலில் எடுங்கள், முழு சைஸ்மிக் தொடர் அளவுக்கு இடம் கேட்காது. படம் பார்க்க ஆசை வந்தால் 1994உம் 2010உம். வோல்வேயில் தொடங்குவதென்றால் உற்பத்தி எக்ஸெல்லும் கிணற்று லாக்கும் போதும், சைஸ்மிக் ஃபோல்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.