385 பவுணுக்கு ஒரு தலையிடி வாங்கியிருக்கிறன்

நேற்றுப் பின்னேரம்தான் விஷயம் தெரிஞ்சது. கோபத்தில எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. இங்கிலாந்தில இருந்துகொண்டு, செயலிழக்கச் செய்த பழைய துவக்கு ஒண்டை வாங்கிச் சுவரில மாட்டுவம் எண்டு ஆராவது யோசிச்சா, காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ.

வாற சனிக்கிழமை மச்சானுக்கு அறுபது. வன்னியில தகப்பன் வைச்சிருந்த இரட்டைக்குழல் துவக்கைப் பற்றி அவர் கதைக்காத கலியாணவீடு இல்லை. அதே மாதிரி ஒண்டு எடுத்துக் குடுப்பம் எண்டு தேடினன். பழைய இராணுவச் சாமான், துவக்கு, வாள் எண்டு விக்கிற ஒரு இணையக் கடை. கடையின்ர பெயரை இதில சொல்லமாட்டன். ‘12 bore’ எண்ட குழல் அளவு, பக்கத்துக்குப் பக்கம் ரெண்டு குழல், வால்நட் மரப்பிடி. 385 பவுண்.

போன் எடுத்தன். வயசான குரல், நல்ல பொறுமை. குழலில வெட்டி, உள்ளுக்குக் கடினமான இரும்புக்கம்பி வைச்சு வெல்டிங் பண்ணுற விதமெல்லாம் அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினார். பிறகு, துவக்கைச் செயலிழக்கச் செய்தது எண்டதுக்கான பத்திரத்தின்ர படம் அனுப்பினார். துவக்குகளைச் சோதிச்சு முத்திரை குத்துற பேர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸின்ர முத்திரை, 2019 திகதி. அந்தப் படத்தைப் பார்த்த உடனதான் நான் விழுந்தன். 385 பவுணையும் நேரா அவற்ர வங்கிக் கணக்குக்குப் போட்டன். கடனட்டையில கட்டுங்கோ எண்டு மனிசி சொன்னவ. கேட்டனா?

பெட்டி வந்த அண்டு, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், சின்னப்பிள்ளை மாதிரி விளையாடினன். குழல் மடங்குது, மூடுது, விசையை இழுத்தா உள்ளுக்கு ‘டிக்’ எண்டு அடிக்குது. என்ன அருமையான சாமான் எண்டு நினைச்சன். அந்த ‘டிக்’தான் வினை.

கூட வந்த பத்திரத்தில திகதி 1993. நல்லகாலம், மச்சானிட்டைக் குடுக்க முதல் ஒரு பதிவுபெற்ற துவக்கு வியாபாரியிட்டைக் கொண்டுபோனன். அவர் விசையை ஒருக்கா இழுத்துப் பார்த்திட்டுத் தலையை ஆட்டினார். 2016 ஏப்ரலில இருந்து வந்த புது விதிப்படி விசைக்கும், உள்ளுக்கு அடிக்கிற சுத்தியல் எண்ட பாகத்துக்கும் உள்ள தொடர்பையே அழிக்கவேணுமாம், அடிக்கிற சத்தமே வரக்கூடாதாம். இது பழைய விதிப்படி செய்தது. நான் வீட்டில வைச்சிருக்கலாம். ஆனா 2017 சட்டத்துக்குப் பிறகு இப்படியானதை விக்கிறதும் குற்றம், பரிசாக் குடுக்கிறதும் குற்றம். எனக்கு வித்தவர் குற்றம் செய்திருக்கிறார். சனிக்கிழமை மச்சானிட்டை நீட்டியிருந்தா நானும் செய்திருப்பன்! புது விதிக்கு மாத்தலாம்தான். அதுக்கு வேலைக்கூலி, ப்ரூஃப் ஹவுஸ் கட்டணம் எல்லாம் இன்னும் நான்தான் கட்டவேணும்.

கடைக்கு எடுத்தன். முதல், “முத்திரை இருக்குத்தானே, பிறகென்ன” எண்டார். படத்தில 2019 எண்டு இருந்ததே எண்டு கேட்டா, அது சும்மா மாதிரிப் படமாம். ரெண்டாந்தரம், பெட்டி திறந்த சாமானைத் திருப்பி எடுக்கமாட்டினமாம். மூண்டாந்தரம், கூரியரில அனுப்பாமல் நேர கொண்டுவரட்டாம், வந்தாப் “பார்ப்பம்” எண்டு. மூண்டு மணித்தியால ஓட்டம், பார்க்கிறதுக்கு! இண்டைக்குக் காலமை தொட்டுப் போன் அடிச்சு அடிச்சு நிக்குது. அந்த அரைமணித்தியாலப் பொறுமை எங்க போச்சுதோ தெரியாது. 385 பவுண் ஐயா, மரத்தில காய்க்கேல்லை.

என்ன பார்த்து வாங்கவேணும் எண்டு விபரமா எழுதத்தான் இருந்தன், இப்ப பொறுமை இல்லை. பத்திரத்தில இருக்கிற தொடர் இலக்கமும் துவக்கில இருக்கிறதும் ஒண்டோ எண்டு, அந்தத் துவக்கின்ர படத்திலையே காட்டச் சொல்லுங்கோ. 2016 ஏப்ரலுக்கு முந்தின பத்திரம் எண்டா வாங்காதேங்கோ. விசை அடிக்குதோ எண்டு கேளுங்கோ, “ஓம், வடிவா அடிக்கும்” எண்டு பெருமையாச் சொன்னாப் போனை வையுங்கோ. கடனட்டையில கட்டுங்கோ, 100 பவுணுக்கு மேல எண்டா அட்டைக் கொம்பனியிட்டையும் காசைக் கேக்கலாம்.

துவக்கு இப்ப அலுமாரிக்கு மேல கிடக்குது. மச்சானுக்கு ஒரு சேட்டுத்தான் எடுக்கவேணும்.